கீமோவுக்குப் போகிறவர்களுக்கு இந்த வாகனத் தரிப்பிடம் எப்படி? ஐந்துக்கு இரண்டு

இந்த மதிப்பீடு ஆஸ்பத்திரியைப் பற்றியது அல்ல, அதன் வாகனத் தரிப்பிடத்தைப் பற்றியது. என் கணவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். சத்திரசிகிச்சையும் அதற்குப் பிறகு மூன்று மாதக் கீமோவும் லண்டனின் வெளியோரத்தில் உள்ள ஓர் என்.எச்.எஸ் (அரச சுகாதார சேவை) ஆஸ்பத்திரியில் நடந்தன. அங்கே உள்ள நேர்ஸ்மாருக்கும் டொக்டர்மாருக்கும் நான் யோசிக்காமல் ஐந்துக்கு ஐந்து போடுவேன். அவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். கார் விடும் இடத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் வருத்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிற ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் தலையிடி அதுதான்.

இடத்தை முதலில் சொல்கிறேன். பிரதான வாசலுக்கு முன்னால் ஒரு சிறிய தரிப்பிடம், பின்பக்கம் அடுக்கு மாடித் தரிப்பிடம். தடைக் கம்பம் கிடையாது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நம்பர் பிளேட்டைக் கமரா படம் எடுக்கிறது. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் பணம் கட்ட வேண்டும். இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. முன்கூட்டியே இத்தனை மணிநேரம் என்று டிக்கெட் எடுக்கச் சொல்லும் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. கீமோவுக்குப் போகிறவருக்கு அது சரிவராது, எத்தனை மணிக்கு முடியும் என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு புள்ளி இதற்கு.

கட்டணம் இரண்டு மணிநேரம் வரைக்கும் 4 பவுண், நான்கு மணிநேரம் வரைக்கும் 8, அதற்கு மேல் போனால் 12. டிக்கெட் மெஷினுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பார்வையாளராக ஒருநாள் வந்து போகிறவருக்கு இது பெரிய காசாகத் தெரியாது. ஆனால் கீமோ நாள் என்பது எப்படிப் போகும் என்று சொன்னால்தான் விளங்கும்.

காலை ஒன்பதரைக்கு வரச் சொல்வார்கள். நிறை பார்ப்பார்கள், மருந்து ஏற்றுவதற்குக் கையில் கன்யூலா என்ற சிறு குழாய் போடுவார்கள். நரம்பு பிடிபடவில்லை என்றால் கையைச் சுடுதண்ணீரில் வைத்துத் திரும்பவும் முயல்வார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு சரியாக இருந்தால்தான் மருந்தகத்தில் மருந்தைக் கலப்பார்கள், அதற்கு ஒரு காத்திருப்பு. பிறகு வாந்திக்கு ஊசி. அப்புறம் ஒக்ஸலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து, அது மட்டும் இரண்டு மணிநேரம் ஏறும். கடைசியில் வீட்டுக்குக் கொடுக்கும் கப்பெசிட்டபின் மாத்திரைகளுக்காக இன்னொரு காத்திருப்பு. பகல் இரண்டரைக்கு முன்னால் நாங்கள் வெளியே வந்ததாக நினைவில்லை. அதாவது கீமோ நாள் ஒவ்வொன்றும் 12 பவுண் நாள்தான். மருந்தகம் பிந்தினாலும் நேர்ஸ் பற்றாக்குறை என்றாலும் அந்த நேரமும் எங்கள் கணக்கில்தான் விழுகிறது.

பஸ்ஸில் போகலாமே என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒக்ஸலிபிளாட்டின் ஏறிய பிறகு சில நாட்களுக்குக் குளிர் உடம்பில் படக்கூடாது. குளிர்காற்றை மூச்சில் இழுத்தாலே தொண்டை இறுகும். போதாததற்கு வெள்ளை அணுக்கள் குறையும் காலத்தில் சனம் நெருக்கும் பஸ்ஸில் ஏற வேண்டாம் என்று ஆஸ்பத்திரியே சொல்கிறது. காரில் வருவது எங்கள் சொகுசுக்காக இல்லை.

குளிர் என்று சொன்னேன் அல்லவா, பணம் கட்டும் மெஷினைப் பற்றி இங்கே எழுதத்தான் வேண்டும். பிரதான வாசலுக்கு வெளியே, கூரை மட்டும் உள்ள இடத்தில் அது நிற்கிறது. நம்பர் பிளேட்டை அழுத்திப் பதிய இரும்புப் பொத்தான்கள். ஜனவரியில் ஒருநாள் நான் மாடித் தரிப்பிடத்திலிருந்து காரை இறக்கிக் கொண்டுவரப் போக, இவர் பணம் கட்ட நின்றார். கையுறையோடு அழுத்தினால் இரண்டு எழுத்து ஒன்றாக விழுகிறது. கழற்றிவிட்டு முதல் பொத்தானைத் தொட்டதும் மின்சாரம் பட்டது போல் கையை இழுத்துக்கொண்டாராம். ஏழு எழுத்தையும் எண்ணையும் அப்படியே ஒவ்வொன்றாக அழுத்தி முடித்திருக்கிறார். நான் காரோடு வந்தபோது விரல்களைக் கக்கத்துக்குள் வைத்தபடி நின்றார். குளிர் பட்டால் விரல் நுனி ஊசி குத்துவது இந்த மருந்தின் எல்லோரும் அறிந்த பக்கவிளைவு. உள்ளே நேர்ஸ் தரும் தாளில் எழுதியே இருக்கிறது. அந்த மெஷினைக் கதவுக்கு உள்பக்கம் வைக்க எவ்வளவு செலவாகும்? கைத்தொலைபேசிச் செயலியிலும் கட்டலாம்தான். ஆனால் கீமோப் பிரிவில் பக்கத்துக் கதிரைகளில் இருந்த வயதானவர்கள் பலர் சில்லறையை எண்ணி வைத்துக்கொண்டு வந்தவர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: சலுகை. இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது, ஆனால் தெரிவதில்லை.

ஸ்கொட்லாந்தில் என்.எச்.எஸ் ஆஸ்பத்திரிகளில் கார் விடக் கட்டணமே இல்லை. 2008 கடைசியில் எடுத்துவிட்டார்கள். தனியார் ஒப்பந்தத்தில் சிக்கியிருந்த மூன்று தரிப்பிடங்களும் 2021 இல் இலவசமாகின. வேல்ஸிலும் 2008 இல் தொடங்கிப் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். கிளாஸ்கோவில் இருக்கும் என் மச்சாள் ஒருமுறை எங்களோடு வந்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு வாறதுக்கும் காசோ?" என்று கேட்டா. ஒரே என்.எச்.எஸ், ஒரே நோய், எல்லைக்கு அந்தப்பக்கம் இந்தக் கேள்வியே இல்லை.

இங்கிலாந்தில் அப்படி முழுதாக எடுக்கவில்லை. 2019 டிசம்பரில் அரசு அறிவித்தது சில பிரிவினருக்கு மட்டுமான இலவசம்: புளூ பட்ஜ் (இயலாதவர்களுக்கான வாகனத் தரிப்பு அட்டை) வைத்திருப்பவர்கள், அடிக்கடி வரும் வெளிநோயாளர்கள், இரவு தங்கும் நோயாளிப் பிள்ளைகளின் பெற்றோர், இரவு வேலை செய்யும் ஊழியர்கள். கொவிட் வந்து கொஞ்சம் இழுபட்டாலும் இப்போது அது நடைமுறையில் இருக்கிறது. புற்றுநோய் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. நாங்கள் அடங்குவது 'அடிக்கடி வரும் வெளிநோயாளர்' என்பதற்குள். அதற்கு வரையறை, 30 நாட்களுக்குள் குறைந்தது 3 முறை வர வேண்டும், அப்படி வருவது மொத்தம் குறைந்தது 3 மாதம் நீடிக்க வேண்டும்.

இந்த வரையறையைப் புற்றுநோய்ச் சிகிச்சையோடு வைத்துப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை எடுக்கும் ஒருவர் சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் மூன்று கிழமைக்குப் போக வேண்டியிருக்கும், 15 முறை. இவரைவிட அடிக்கடி வருகிறவர் யார்? ஆனால் மூன்று மாதம் என்ற நிபந்தனையால் அவருக்குத் தகுதி இல்லாமல் போய்விடுகிறது. மறுபக்கம் என் கணவருடையதைப் போல 21 நாட்களுக்கு ஒருமுறை ஏறும் கீமோ. இரத்தப் பரிசோதனையை வீட்டுக்குப் பக்கத்து ஜீ.பி.யிடம் (குடும்ப டொக்டரிடம்) செய்துகொண்டு, டொக்டரோடு தொலைபேசியில் கதைத்துவிட்டு, மருந்துக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனால், 30 நாட்களுக்குள் அதிகபட்சம் இரண்டு முறைதான் வரும். சலுகை கிடையாது. அதே ஆள் இரத்தத்தையும் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்து, டொக்டரையும் நேரில் பார்த்தால் சலுகை உண்டு. கையில் பிக் லைன் (மருந்து ஏற்ற நிரந்தரமாக விட்டிருக்கும் மெல்லிய குழாய்) போட்டிருந்தால் அதைக் கழுவிக் கட்டுமாற்றக் கிழமைக்கு ஒருமுறை வர வேண்டும், அந்த வருகையையும் கணக்கில் காட்டலாம். நோய் ஒன்றுதான், மருந்து ஒன்றுதான். இரத்தம் எங்கே எடுத்தார்கள் என்பதை வைத்துக் காசு மாறுகிறது.

அந்த வரையறை ஆகக்குறைந்த அளவு மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். அதைவிடத் தாராளமாக இருக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் தடை இல்லை. கடும் நோயாளியைப் பார்க்க வரும் உறவினருக்கும் பராமரிப்பவருக்கும்கூடச் சலுகை கொடுக்கும்படி அரசின் வழிகாட்டலே சொல்கிறது. கீமோ, கதிர்ச் சிகிச்சை எடுக்கும் எல்லோருக்கும் நாள் கணக்குப் பார்க்காமல் இலவசம் கொடுக்கும் ஆஸ்பத்திரிகள் இங்கிலாந்திலேயே இருக்கின்றன. ஆகவே உங்கள் ஆஸ்பத்திரியில் என்ன முறை என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் சலுகை இருக்கிறது என்பதையே முதல் சுற்று முழுதும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அழைப்புக் கடிதத்தில் இல்லை. கீமோவுக்கு முன் தரும் தடித்த புத்தகத்தில் எந்தக் காய்ச்சலுக்கு எந்த நம்பருக்கு அடிப்பது என்பது வரை இருக்கிறது, கார் பற்றி ஒரு வரி இல்லை. மெஷினுக்குப் பக்கத்துப் பலகையில் கட்டணம் பெரிய எழுத்தில், சலுகை பற்றி அடியில் சின்ன எழுத்தில் ஒரே வரி. எங்களுக்குச் சொன்னது பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு குஜராத்தி அம்மா. "ஃபோர்ம் எடுத்தீர்களா?" என்று கேட்டா. விழித்துக்கொண்டு இருந்தோம். பிறகுதான் கீமோப் பிரிவின் வரவேற்பில் கேட்டோம். அங்கே இருந்த பெண் ஒரு நிமிடத்தில் லாச்சியைத் திறந்து படிவத்தைத் தந்தா, முத்திரையும் குத்தினா, தரை மாடியில் பின்பக்கம் உள்ள பார்க்கிங் அலுவலகத்துக்கு வழியும் சொன்னா. அலுவலகத்தில் இருந்தவரும் நல்லவர். கார் நம்பரைப் பதிந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். இரண்டாவது புள்ளி இந்த இரண்டு பேருக்கும்.

ஆனால் இவ்வளவு சுலபமாகக் கொடுக்கக்கூடிய ஒன்றை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? இதுதான் எனக்கு ஆறாத கோபம். எங்கட ஆட்களின் குணம் எங்களுக்குத் தெரியும். ஊரில் அதிபராகவும் தபாலதிபராகவும் இருந்து ஓய்வுபெற்று வந்த அப்பா அம்மாமார், வெள்ளைக்காரரிடம் போய் "காசு குறைக்க ஏதும் வழி இருக்கா" என்று கேட்பார்களா? மானக்கேடு என்று நினைத்துப் பேசாமல் கட்டிவிட்டு வருவார்கள். மொழி வராதவர்களுக்கு இன்னும் கஷ்டம். கேட்கிறவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை, கேட்க நா எழாதவரிடமிருந்து காசு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்தது, சலுகையை மனிதருக்குக் கொடுக்காமல் காருக்குக் கொடுக்கிறார்கள். பதிந்த நம்பருக்கு மட்டும்தான் இலவசம். ஒருநாள் எனக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. இவருடைய தம்பி தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். நோயாளியிடம் அனுமதி இருக்கிறது என்றுதான் அவர் நினைத்தார், யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? கொஞ்ச நாளில் தம்பி வீட்டுக்குக் கடிதம் வந்தது: 100 பவுண், 14 நாட்களுக்குள் கட்டினால் 60.

இப்படிக் கடிதம் வந்தால் பதறிப் போய்க் கட்டிவிடாதீர்கள். தரிப்பிடத்தை நடத்தும் தனியார் நிறுவனம் அனுப்புவது பொலிஸ் அபராதமும் அல்ல, கவுன்சில் அபராதமும் அல்ல. அது அவர்கள் கேட்கும் ஒரு கட்டணம். மறுத்து எழுத உங்களுக்கு 28 நாள் இருக்கிறது. அதற்காகக் குப்பையில் போடவும் கூடாது, விட்டுவிட்டால் நீதிமன்றம் வரை இழுப்பார்கள். நாங்கள் அன்றைய அப்பொயின்ட்மென்ட் கடிதம், சலுகை அனுமதியின் பிரதி இரண்டையும் வைத்து எழுதினோம். அதோடு ஆஸ்பத்திரிக்குள் பால்ஸ் என்று ஒரு நோயாளர் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் போய்ச் சொன்னோம். பால்ஸ் சொன்னதும் காரியம் நடந்தது, கட்டணத்தை நீக்கிவிட்டதாகத் தம்பிக்குப் பதில் வந்தது. ஆனால் கீமோ ஏறிய கிழமையில் வாந்தியோடு படுத்திருக்கும் மனிதர், தன்னால் தம்பிக்குக் கரைச்சல் என்று நித்திரை கொள்ளாமல் கிடந்தார். அதற்கு எந்தப் பிரிவில் போய் முறையிடுவது? நிறுவனம் மறுத்திருந்தால் அடுத்துச் சுயாதீன மேன்முறையீடு இருக்கிறது, எதற்குப் போக வேண்டும் என்பது மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும்.

புளூ பட்ஜ் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். எடுக்கலாம், அதற்கு 10 பவுணுக்கு மேல் இல்லை, அது காருக்கு அல்ல, ஆளுக்கு. எந்தக் காரில் போனாலும் செல்லும். ஆனால் புற்றுநோய் என்பதால் மட்டும் கிடைக்காது, நடக்க முடியாத அளவு போன்ற நிபந்தனைகள் இருக்கின்றன. முடிவு வர 12 கிழமை வரை எடுக்கலாம். இவருடைய கீமோ முழுதும் 12 கிழமைதான். நீண்ட காலச் சிகிச்சையில் இருப்பவர்கள் நோய் தெரிந்த உடனேயே விண்ணப்பிப்பது நல்லது.

வருமானம் குறைந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, என்.எச்.எஸ் பயணச் செலவுத் திட்டம். அரச உதவிப் பணங்களான பென்ஷன் கிரெடிட்டின் உத்தரவாதப் பகுதி, குறிப்பிட்ட வரம்புக்குள் யுனிவர்சல் கிரெடிட், அல்லது குறைந்த வருமானச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் பெற்றோல் செலவையும் தவிர்க்க முடியாத பார்க்கிங் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும், ஆகவே ரசீதை எறியாதீர்கள். தம்பியுடையது போன்ற பழைய டீசல் கார் என்றால் 2023 ஓகஸ்ட் முதல் லண்டன் முழுதும் யூலெஸ் (புகை அதிகம் விடும் வாகனங்களுக்கான) கட்டணம் நாளுக்கு 12.50 பவுண். பொதுப் போக்குவரத்தில் வர முடியாத அளவு நோயாளி என்று ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டால் அதையும் திரும்பப் பெறலாம். இதுவும் கேட்டால்தான். எதற்குத் தகுதி என்று விளங்காவிட்டால் புற்றுநோயாளருக்கு உதவும் மக்மிலன் தொண்டு நிறுவனத்தின் உதவி இலக்கம் 0808 808 00 00 இலவசம், தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் ஏற்பாடு செய்வார்கள்.

இங்கிலாந்தில் 2009 ஏப்ரல் முதல் புற்றுநோயாளருக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் இல்லை. டொக்டர் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் ஐந்து வருடத்துக்கு அட்டை வருகிறது. கதிர்ச் சிகிச்சையோ கீமோவோ, எத்தனை முறை போனார் என்று யாரும் எண்ணுவதில்லை. அந்த அட்டையே தரிப்பிடத்துக்கும் போதும் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? இலவசமாக்கினால் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் வந்து காரை விட்டு இடத்தை நிறைத்துவிடுவார்கள் என்பது வழக்கமான பதில். அது நியாயமான பயம்தான், நானும் இடம் கிடைக்காமல் மாடி மாடியாகச் சுற்றியிருக்கிறேன். ஆனால் இன்றைக்கு யார் கீமோவுக்கு வருகிறார்கள் என்ற பட்டியல் ஆஸ்பத்திரியிடம் இருக்கிறது, எந்தக் கார் வந்தது என்பது கமராவிடம் இருக்கிறது. கீமோப் பிரிவு வரவேற்பில் வரவைப் பதியும்போது, "இன்றைக்கு எந்தக் காரில் வந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் எல்லாம் முடிந்தது. இதையே எழுதி ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இதே இடத்துக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒன்பது மணிக்கு முன் போனால் முன்வாசலில் இடம் கிடைக்கும், பிறகு மாடிதான். மாடியின் இரண்டாம் தட்டிலிருந்து ஒரு மூடிய பாலம் நேரே உள்ளே போகிறது, குளிர் நாட்களில் அந்தத் தட்டில் விடுங்கள். படிவத்தில் ஒரு நம்பருக்குத்தான் கோடு போட்டிருக்கிறது, ஆனால் அலுவலகத்தில் கேட்டால் இரண்டாவது காரையும் பதிவார்கள். தம்பியின் கடிதத்துக்குப் பிறகு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சலுகை கீமோவோடு முடிந்துவிட்டது. இனி ஸ்கானுக்கும் இரத்தத்துக்கும் சில மாதங்களுக்கு ஒருமுறை போக வேண்டும், வருடக்கணக்கில். அது 'அடிக்கடி' என்பதற்குள் வராது. போன கிழமை சி.டி. ஸ்கானுக்குப் போய் 4 பவுண் கட்டிவிட்டு வந்தோம். மெஷின் இன்னும் வெளியேதான் நிற்கிறது.